ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒருமுறைதான் கேட்பார்கள்

1

என் கிட்டாருக்கு இந்த மாதத்தோடு இரண்டு வயது முடிகிறது. எனக்கு ஐம்பது. வயதான காலத்தில் பெற்ற பிள்ளை என்று என் மனைவி வசந்தா அதைக் கேலி செய்வாள். அவள் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். அவளாலேயே தாங்க முடியவில்லை என்றால் ஆரம்பத்தில் நான் என்ன லட்சணத்தில் வாசித்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பம்ப் செட்டுதான் என்னை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. துடியலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டு, சத்தம் சீராக இருக்கிறதா, பிரஷர் சரியாக வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டிங் வேலையில் இருந்தேன். பிரான்சில் ஜெர்மனி எல்லையை ஒட்டி ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஓர் ஊர். அங்கே ரசாயன ஆலைகளுக்குப் பம்ப் செய்கிறவர்கள் அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தோம். எல்லோரும் சொல்வதுதானே. எங்கள் மகள் நிவேதா இங்கேயே பிறந்தாள். அவளுக்கு இப்போது பதினேழு.

குடியுரிமைக்கு விண்ணப்பித்து, காத்திருந்து, ஒரு சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லை என்று மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்து, ஒருவழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நதிகளின் பெயர், கொடியின் கதை, அரசியல் சட்டம் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி உருப்போட்டுக்கொண்டு போனேன். எதிரில் இருந்த அதிகாரி அம்மா அவற்றைச் சீக்கிரமே முடித்துவிட்டு, வேலை நேரம் போக யாரோடு பழகுகிறீர்கள் என்று கேட்டார். தமிழ் நண்பர்களோடு என்றேன். அது போக? பேக்கரிக்காரர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டு, பாட்டு, ஏதாவது சங்கம் என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது வசந்தா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் ஒரு பேக்கரிக்காரரைத்தான் சம்பாதித்தீர்களா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேக்கரிக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

2

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு காபிக் கடையின் பின் அறையிலிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார்கள். மேளம் இல்லை, தாளக்கருவி எதுவுமே இல்லை. ஆனால் என் கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் மெட்டை எடுத்து வெளுத்து வாங்க, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து நான்கு நான்கு அடியாக அவருக்குத் தாளம் அடிக்கிறார்கள். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் நறுக்கென்று கத்தரித்த மாதிரி விழும். அவர் சுற்று முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முகவாயைத் தூக்குவார். அடுத்த சுற்று அவருக்கு. வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை ஒருவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர்தான் மர்செல்.

மர்செலுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இந்த ஊர் டிராம் வண்டி ஓட்டுகிறார். வண்டிகளில் ஊர் ஊராகப் போய் வாழ்ந்த ரோமா மக்களின் வழியில் வந்தவர். உலகம் இந்த இசையை ஜிப்ஸி ஜாஸ் என்கிறது. அவருடைய ஆட்கள் தங்களை மானூஷ் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். மனுஷன் என்று அர்த்தமாம். எங்கள் ஊரிலும் மனுசனை மனுசன் என்றுதான் சொல்வோம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஆட்கள் உங்கள் நாட்டிலிருந்து நடந்தே வந்தவர்கள், நீ பிளேனில் வந்தவன், அதனால் இங்கே நான்தான் சீனியர் என்றார்.

நான் அவரை மரியாதையாக 'நீங்கள்' போட்டுத்தான் பேசினேன். பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு யாரைப் பார்த்தாலும் வாயில் 'ங்க' தானாக வந்துவிடும். நிவேதாவின் சிநேகிதிகளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, இத்தனை வருடமும் நீங்கள் என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். அவள் வெட்கத்தில் அறைக்குள் ஓடிப்போவாள். மர்செல் மூன்றாம் வாரமே சொல்லிவிட்டார், வட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு நீங்கள் கிடையாது என்று. சரிங்க என்றுதான் அதற்கும் பதில் சொன்னேன்.

கிட்டார் வாங்கியாயிற்று. வாய் நீள்வட்டமாகச் சின்னதாக இருக்கும், வயிறு பெரிசு, கம்பிகள் இரும்பு. விரலில் பிடித்து மீட்டுகிற சின்ன வில்லை, பிக் என்பார்கள், புளியங்கொட்டை கனத்துக்கு இருக்கும். நோட்டு எழுத்தெல்லாம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து காதால் பிடிக்க வேண்டும். வலது மணிக்கட்டு பெட்டியில் எங்கும் ஊன்றக் கூடாது. கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிற மாதிரி வீச வேண்டும். வில்லை ஒரு கம்பியை அடித்துவிட்டு அடுத்த கம்பியின்மேல் போய் உட்கார வேண்டும். கம்பி மாறும்போதெல்லாம் கீழ்நோக்கித்தான் முதல் அடி. இடது கை நான்கு விரலும் காய்த்துப் போயிற்று. அலுவலகத்தில் கீபோர்டைத் தொட்டால் வலித்தது.

தாளத்தில்தான் எல்லோரும் தொடங்க வேண்டும். அந்தத் தாள அடிக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயரே பம்ப். கோயமுத்தூர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வசந்தா சிரித்தாள். உண்மையிலேயே அது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஓடுகிற மோட்டாரில் ஒரு சுழற்சி பிசகினாலும் காது காட்டிக்கொடுக்கிற வேலையில் இருந்தவன்தானே. ஆறு மாதத்தில் வட்டத்தில் என் தாளத்தை நம்பி மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

3

தாளம் வந்தவனுக்கு மெட்டின்மேல் ஆசை வராமல் இருக்குமா? எனக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. அந்த வட்டத்தில், எல்லோரும் எனக்குத் தாளம் அடிக்க, ஒரே ஒரு சுற்று நான் தனியாக வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், கம்பெனி, எங்கேயும் நான் முன்னால் நின்றவன் இல்லை. யாராவது முன்னால் நிற்க, பின்னால் சரியாகச் செய்துகொடுத்துப் பழகியவன். ஒரு சுற்று போதும் என்று நினைத்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு சுற்றைத் தயார் செய்தேன். பிடிபட இரண்டு மாதம் ஆனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மர்செல் தன் சுற்றை முடித்துவிட்டு என்னைப் பார்த்து முகவாயைத் தூக்கினார். நான் சிரித்து, தலையை ஆட்டி, இல்லை இல்லை, நீங்கள் வாசியுங்கள் என்றேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளகோவிலில் என் அக்கா வீட்டுக்குப் போனால், காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்பார்கள். வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன் என்போம். சித்தே குடிங்க என்பார்கள். அட இருக்கட்டுங்க என்போம். அதெப்படிங்க, ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போறதா என்பார்கள். அப்புறம்தான் டம்ளர் கைக்கு வரும். முதல் அழைப்புக்கே கையை நீட்டுகிறவனை அலைகிறான் என்று சொல்லிவிடுவார்கள். கேட்கிறவர் வற்புறுத்த வேண்டும், கேட்கப்படுகிறவர் மறுக்க வேண்டும். அதில்தான் இரண்டு பேருக்கும் கௌரவம் இருக்கிறது.

மர்செல் வற்புறுத்தவில்லை. சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அடுத்த வாரம் இன்னொருவர் என்னைப் பார்த்தார். எனக்கென்ன அவசரம், நீங்கள் வாசியுங்கள் என்றேன். அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை. முகவாய் என்னைத் தாண்டித் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. எனக்குப் பிறகு வந்து சேர்ந்த பையன்கள் எல்லாம் சுற்று எடுத்தார்கள். நான் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் போயிற்று.

கோபம் வந்தது. நிறத்தைப் பார்க்கிறார்களா? வயதைப் பார்க்கிறார்களா? கூலி இல்லாத தாளக்காரன் கிடைத்தான் என்று வைத்துக்கொண்டார்களா? ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காது. வசந்தா ஒருநாள் விஷயத்தைப் பிடுங்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஒருக்கா கேட்டுப்போட்டு அப்படியே உட்டுப்போடுவாங்களாமா? என்ன பழக்கமுங்க இது?" என்றாள்.

எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தவறு அவர்கள்மேல்தான். காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே நிவேதா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவள் இப்போதெல்லாம் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். பள்ளி முடிந்ததும் துலூஸ் பக்கம் படிக்கப் போகிறேன் என்கிறாள். வரைபடத்தில் பார்த்தால் நாட்டின் அந்தக் கோடி. வீட்டில் இருக்கிற கொஞ்ச நாளும் கதவு சாத்தியே இருக்கும். என்னதான் இருந்தாலும் பிள்ளை நம்ம பிள்ளை என்று வசந்தா சொல்வாள். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டாள்.

4

இந்த ஜூன் கடைசியில் மர்செலைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மனவருத்தம் இருந்தாலும் சொல்லிக்கொடுத்தவரை ஒருநாளாவது வீட்டுக்கு அழைக்காமல் இருப்பது முறையில்லை அல்லவா. வசந்தா எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை பிழிந்தாள். தேங்காய்ப்பால், கோழிக்குழம்பு, பள்ளிபாளையம் வறுவல், கடைசியில் தயிர்ச்சாதம்.

மர்செல் இரண்டு முறை ஆசையாக வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது முறை, போதும், நன்றி என்றார். வசந்தா இன்னும் ரெண்டு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டார். மறுபடி போதும் என்று தட்டின்மேல் கையை வைத்தார். அவள் கைக்குப் பக்கவாட்டில் இடம் பார்த்துக் குழம்பை ஊற்றினாள். அவர் நெற்றியில் வேர்த்தது. இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். நான் என் பங்குக்கு, வறுவலைத் தொடவே இல்லையே என்று நான்கு துண்டை அவர் தட்டில் தள்ளினேன். ஒவ்வொன்றாக மென்றார். கடைசியில் தயிர்ச்சாதம் வருவதைப் பார்த்ததும் நிவேதா பக்கம் திரும்பி, இந்த வீட்டில் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று மெதுவாகக் கேட்டார்.

நிவேதா சிரிக்கத் தொடங்கினாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. பிறகு அவருக்கு விளக்கினாள். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் கேட்பவர் மனதை அறிய, மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும், என் அப்பா அம்மா ஊரே அப்படித்தான் என்றாள். நாங்கள் அவளுக்கு இதை ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் எப்போது பார்த்தாள்?

மர்செல் கரண்டியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். அப்படியானால் அன்றைக்கு நான் சுற்று எடுக்கக் கேட்டபோது, என்று ஆரம்பித்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அடப்பாவி," என்கிற அர்த்தத்தில் அவர் மொழியில் ஏதோ சொன்னார். "உனக்கு முன்னால் வந்து வாசிப்பது பிடிக்காது போல என்று நினைத்தேன். கத்தீரை யாரும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லி வைத்தேன்."

என் பெயர் கதிர்வேல். அவர் வாயில் கத்தீர். ஒரு வருடமாக அத்தனை பேரும் முகவாயை என்னைத் தாண்டித் திருப்பியது என்மேல் வைத்த மரியாதையினால். அதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த ஞாயிறே வா, நான் கேட்கிறேன் என்றார் மர்செல். ஆனால் காபிக் கடைக்கு அந்த வாரத்திலிருந்து கோடை விடுமுறை. எங்களுக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஆவணியில் என் அக்கா மகளுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். நான் தாய்மாமன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மர்செல் தன் தாளத்தை மட்டும் பதிவுசெய்து போனுக்கு அனுப்பினார். நான் இல்லாமல் எப்படிப் பயிற்சி செய்வாய், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருந்தார்.

5

கல்யாணத்தில் தாய்மாமனுக்கு உட்கார நேரம் கிடைக்காது. சீர்த்தட்டு எடுக்க, மாலை மாற்ற, யார் யார் எந்த வரிசையில் நிற்பது என்று பார்க்க என்று ஓடிக்கொண்டே இருந்தேன். பயிற்சிக்காகக் கூடவே கொண்டுவந்த கிட்டார் மண்டபத்து அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, மதியம் ஜமக்காளத்தை விரித்துச் சொந்தக்காரர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அரிசி மில் வைத்திருப்பவர். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு என் பக்கம் வந்தது. அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் மாப்ளே, கிட்டாரெல்லாம் வாசிக்கறீங்களாமா. எங்களுக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டறதுதானுங்க."

அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான், அட விடுங்க மச்சான் என்று சொல்ல வேண்டும். அவர் சிரிக்க வேண்டும். பேச்சு மழையைப் பற்றிப் போக வேண்டும். வாயில் அந்த வார்த்தை வந்தும் விட்டது. அதை விழுங்கினேன்.

"சரிங்க மச்சான்," என்று சொல்லி எழுந்தேன்.

சுண்ணாம்பு தடவிய விரல் அப்படியே நின்றது. யாரோ இருமினார்கள். அக்கா என் பின்னாலேயே அறைக்கு வந்துவிட்டாள்.

"கண்ணு, அவரு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாருடா. மாப்ள ஊட்டுக்காரங்க எல்லாம் இருக்கறாங்க. தாய்மாமன் போயி பாட்டுக்காரன் கணக்கா உட்காரோணுமா?" என்றாள்.

பயமாகத்தான் இருந்தது. கெட்டுப்போனால் இந்தக் கதை அவிநாசி வரைக்கும் போகும். என் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இதைவிட்டால் எனக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எப்போது வருமோ. மைக் செட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

மர்செலின் தாளம் வெள்ளகோவில் மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டிகளில் நறுக் நறுக்கென்று விழத் தொடங்கியது. முதல் சுற்று மெட்டு. வில்லை கம்பியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. இரண்டாவது சுற்று என்னுடையது. நடுவில் ஓர் இடத்தில் விரல் கம்பியில் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. நிறுத்தவில்லை. விழுந்த இடத்திலிருந்தே கம்பியை இழுத்துக்கொண்டு சரியான இடத்துக்கு ஏறினேன். வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் பயம் போய்விட்டது. கை தண்ணீரை உதறுகிற மாதிரி தானாக வீசியது. நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். மச்சானின் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. என் சுற்றை நான் முழுசாக வாசித்து முடித்தேன். ஐம்பது வயதில், என் சொந்த சனத்தின் நடுவில், முதல் தடவையாக முன்னால் உட்கார்ந்து. அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். சமையல்கட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

"இன்னொருக்கா வாசிங்க மாப்ளே," என்றார் மச்சான்.

இந்த முறை அவர் பேச்சுக்குக் கேட்கவில்லை. குரலிலேயே தெரிந்தது. நான் கிட்டாரை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"போதுமுங்க மச்சான். எல்லாரும் களைச்சுப் போயிருப்பீங்க," என்றேன்.

நிவேதா பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள். அப்பா, கேட்கிறார்களே, சரியென்று சொல்லுங்கள், மறுபடி ஒரு வருடம் காத்திருப்பீர்களா என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். சித்தே பொறு அம்மணி என்றேன்.

அக்கா முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். "வாசி கண்ணு. மாப்ள ஊட்டுக்காரங்களும் கேக்கறாங்க பாரு," என்றாள்.

"அட, இருக்கட்டுங்க்கா. பொறவு பாக்கலாம்."

இரண்டு ஆயிற்று. நான் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது வரவில்லை. மச்சானை மண்டபத்துக்காரர் யாரோ சாவி கேட்டு அழைத்துக்கொண்டு போனார். அக்கா மணப்பெண் கூப்பிட்டாள் என்று திரும்பிவிட்டாள். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். ஐயோ, இரண்டாவதோடு சரியென்று சொல்லியிருக்கலாமே என்று ஆகிவிட்டது எனக்கு. மர்செல் இங்கே இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நிவேதா என்னைப் பார்த்தாள், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள், யாராவது கேட்பார்களா என்று கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், தமிழில் சொன்னாள்.

"அதெப்படிங்கப்பா போதும்? இன்னொருக்கா வாசிங்க."

மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் ஒயரை மறுபடி சொருகினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.